சாரலில் நனைந்த பதினேழாம் நம்பர்

மாரிச்செல்வம், பொன்மணி, இரண்டு பேரும் கேளுங்கள். அப்பா உங்களை விட்டுவிட்டுக் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்ததாகத் தெருவில் யாரோ சொன்னார்களாம். அப்பா போனது தென்காசிக்கு. அருவிப் பக்கம் திரும்பவே இல்லை.

அம்மா தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டுகிறாள். ஒவ்வொரு பண்டலுக்குள்ளும் கட்டியவரின் நம்பர் சீட்டு இருக்கும். அம்மாவுக்குப் பதினேழு. அந்தச் சீட்டிருந்த பண்டலில் ஒரு குச்சிகூடப் பற்றவில்லை என்று தென்காசிக் கடைக்காரர் ஒருவர் போன் செய்துவிட்டார். உடனே அம்மாவை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். குச்சிக்கு மருந்து வைப்பது மெஷின். அதற்காக, தாள் சுற்றிக் கட்டுகிறவளை நிறுத்துவார்களா? மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் அந்தக் கடையின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

காலை ஆறரைக்குக் கோவில்பட்டியில் பஸ் ஏறினேன். ஆடிக் காற்று கரிசல் புழுதியை ஜன்னல் வழியாக மடியில் கொட்டியது. கழுகுமலை தாண்டி, சங்கரன்கோவிலில் வண்டி மாறினேன். மொத்தம் எண்பது கிலோமீட்டர் இருக்கும். இரண்டு டிக்கெட்டுக்கும் ஐம்பத்திரண்டு ரூபாய். சுரண்டையை விட்டதும் மண் சிவப்பானது. மேற்கே மலை, அதன் தலையில் மேகம். வெயில் அடிக்கும்போதே முகத்தில் பொடித்தூறல் விழுந்தது.

பக்கத்து சீட்டுக்காரர் மடியில் துண்டும் எண்ணெய் பாட்டிலும் வைத்திருந்தார். "அண்ணாச்சி, குளிக்கவா போறீய?" என்றார்.

"சண்டை போடப் போறேன்."

"அப்போ முதல்ல குளிச்சிருங்க. சூடு தணியும்லா!"

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பதரைக்குத் தென்காசி. பஸ் ஸ்டாண்டு எதிரே லாட்ஜ் போர்டில் 'ஆண்டு முழுவதும் குளுகுளு' என்று எழுதியிருந்தது. அந்தக் குளுகுளு பண்ணுகிற வேலையை அடுத்த பத்தாவது நிமிடம் பார்த்தேன்.

போன் செய்த கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். வந்த காரியத்தைச் சொன்னதும் ஒரு பெட்டியை நீட்டினார். "நீங்களே கொளுத்திப் பாருங்க. உங்க ஊரு குச்சி பல்லு குத்தத்தான் ஆகும்."

நாலு குச்சி உரசினேன். மருந்து பிசுபிசுவென்று உதிர்ந்தது. கடையில் நின்ற ஆட்கள் பார்க்க, எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இதை எங்கன வச்சிருந்தீய?" என்றேன்.

உள்ளே காட்டினார். தரையில், மேற்குச் சுவரை ஒட்டி அடுக்கியிருந்தார். பண்டலை நகர்த்திச் சுவரில் கை வைத்தேன். உள்ளங்கை ஈரமாகிவிட்டது.

"இந்தச் சுவரு என்னைக்குய்யா காயும்?"

"மாசி, பங்குனி, சித்திரை. அம்புட்டுத்தான்" என்றார். "வைகாசி கடைசியில சாரல் பிடிச்சா ஆவணி வரைக்கும் சொதசொதன்னு கெடக்கும். புரட்டாசியில அது காயுறதுக்குள்ள ஐப்பசி, கார்த்திகை அடைமழை. மார்கழி, தையில பனி. மலையடிவாரம் அண்ணாச்சி, இங்கன சுவரும் தண்ணி குடிக்கும்."

"தெரிஞ்சே அங்கன வச்சிட்டு, எங்க வீட்டுப் பொம்பளைய குத்தம் சொல்லுதீங்களே!"

மேல் பரணில், பல்புக்குப் பக்கத்தில் இன்னொரு பண்டல் இருந்தது. இறக்கிப் பிரித்தேன். அதிலும் பதினேழாம் நம்பர் சீட்டு. ஒரு குச்சியை உரசினேன். சர்ரென்று பிடித்தது.

கடைக்காரர் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு அவரே தீப்பெட்டி ஆபீசுக்குப் போன் போட்டார். "பதினேழு மேல தப்பில்ல. ஆனா வெறுந்தாள்ல சுத்தி அனுப்புதீங்களே, பிளாஸ்டிக் உறை போடப்படாதா?"

அவர் கேட்டதும் நியாயம்தான். மழைக்கு வானம் பார்த்தே பழகிய நாம், ஈரம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டோம். தென்காசிக்குப் பண்டல் கட்டிய முதல்நாளே அம்மா உறை கேட்டாளாம். நம்ம ஊருக்கு எதற்கு என்று மேஸ்திரி கேலி செய்தாராம்.

மறுநாள் அம்மாவை வேலைக்குக் கூப்பிட்டார்கள். தவறு எங்களுடையது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆபீசில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிற இடத்தில் நான் கேட்டதற்கு, "அதான் கூப்பிட்டாச்சே" என்றார் மேஸ்திரி. உறை இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டே இருப்பேன்.

பற்றாத அந்தப் பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். நீங்கள் பள்ளிக்கூடம் போனபின் மொட்டைமாடியில் குச்சிகளைப் பரப்பி, பெட்டியையும் வெயிலில் வைத்தேன். சாயங்காலம் தனியாக ஏறி ஒன்றை உரசினேன். முதல் உரசலிலேயே பிடித்தது. விரல் சுடும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மிச்சக் குச்சிகளை ஈரமில்லாத கையால் அடுக்கி, பெட்டியை அடுப்புமேடையில் அம்மா கை போகும் இடத்தில் வைத்தேன்.