கோல்கீப்பரின் பெயர்

பீளமேட்டுக் கல்லூரி மைதானத்தில் என் மகனின் கால்பந்து ஆட்டம். எதிரணி கோல்கீப்பர் ஆப்பிரிக்க மாணவர். அவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், "டேய் கரிச்சட்டி!" என்று கத்திக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்குக் குஷி.

ஆட்டம் முடிந்து கேலரிப் படியில் இறங்கும்போது, வெயிலில் தலை சுற்றிச் சாய்ந்தேன். தாங்கிப் பிடித்தவர் அதே கோல்கீப்பர். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"மெதுவா குடிங்கக்கா."

"தமிழ் தெரியுங்களா?"

"மூணு வருசமா இங்கதானுங்க இருக்கறேன். நீங்க கத்துனதும் புரிஞ்சுதுங்க. எம்பேரு சாமுவேலுங்க."

குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்று கூப்பிடுகிற ஊர்க்காரி நான். கைகூப்பி அழுதுவிட்டேன்.

இப்போதும் மைதானத்தில் என் குரல்தான் பெரியது. ஆனால் எதிரணியினரின் பெயர்களை முதலிலேயே கேட்டுவைத்துக்கொள்கிறேன்.

"ஏனுங்க சாமுவேலு, ஒரு பந்தையாச்சும் உள்ள உடக்கூடாதுங்களா?"