சுடலைமுத்துவில் நின்ற பட்டியல்

2005 புரட்டாதியில் வவுனியாவில் ஒரு விவசாயச் சங்கத்தின் மூன்று பழைய லினக்ஸ் கணினிகளும் நஸீஹாவின் பொறுப்பில் இருந்தன. அவற்றில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அவள் நம்பிய காலம் அது.

மாரிமழைக் காலபோகத்துக்கு விதைநெல் பெறுவோரின் பெயர்களை அகரவரிசைப்படுத்தினால், தர்மபுரம் சுடலைமுத்துவின், தகப்பன் பெயரும் சேர்ந்த நீண்ட பெயரை எட்டியதும் புரோகிராம் செத்துவிடும். நஸீஹா அந்தப் பெயரை எடுத்துவிட்டுப் பட்டியலை அச்சடித்தாள். பிழையைத் திருத்திவிட்டதாக வீட்டில் சொல்லியும் விட்டாள்.

நான்காம் நாள் ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டி, பஸ் புழுதியோடு சுடலைமுத்து வந்து நின்றார்.

“எல்லாருக்கும் வெதநெல்லு வந்திருச்சு. என் பேருல என்னம்மா குத்தம்?”

“பேர் கொஞ்சம் நீளம் ஐயா. முத்து எண்டு மட்டும் போடட்டோ?”

“எங்க ஊருல முத்துன்னு பதினாலு பேரு இருக்கானுங்க. எவனுக்குக் குடுப்பீங்க?”

நஸீஹாவுக்குக் காது சுட்டது. அவரை இருத்தித் தேநீர் கொடுத்து, ஒரு கிழமை தவணை கேட்டு அனுப்பினாள்.

தேடிப் பார்த்ததில், குற்றம் எல்லாப் புரோகிராம்களும் நம்பியிருக்கும் அடிப்படை நூலகத்தில், அதாவது பொது நிரல்களின் தொகுப்பில், இருந்தது. நீளமான தமிழ்ப் பெயர்களை ஒப்பிட அது ஒதுக்கிய இடம் போதவில்லை. எங்கோ ஒருவர் புதிய பதிப்பில் அதைத் திருத்தியிருந்தார். புதிய பதிப்போ இந்தக் கிழட்டுக் கணினிகளில் ஏறாது. திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

“பதினொரு வரிதான் சேர். அரைமணித்தியால வேலை,” என்றாள் மேலாளர் தில்லைநாதனிடம்.

அவளுடைய வாப்பா பக்கீர், மகள் நூலகம் திருத்துகிறாள் என்று கடையில் சொல்ல, கூரை ஒழுகுதோ என்று ஒருவர் விசாரித்தாராம்.

நஸீஹா முதல் கணினியில் அந்த வரிகளைப் பழைய நிரலுக்குள் அப்படியே ஒட்டி, உருவான நூலகத்தை ஓடிக்கொண்டிருந்த பழையதன் மேலேயே நகலெடுத்தாள். அந்தக் கணத்தில் கணினி எல்லாவற்றையும் மறந்தது. கோப்புகளைக் காட்டச் சொன்னாலும் மறுத்தது.

“என்ன நஸீஹா, படுத்திட்டுதோ?”

“இல்லை சேர், யோசிக்குது.”

யோசித்தது அவள்தான், இரண்டு நாள். கணினியைச் சீடியிலிருந்து மீண்டும் நிறுவினாள். பிறகுதான் பழைய நிரலை முதன்முறையாக முழுவதும் வாசித்தாள். அவள் ஒட்டிய வரிகளில் இரண்டு, பழைய பதிப்பில் இல்லாத ஒன்றைத் தேடின. அவற்றை மாற்றி எழுதி, புதிய நூலகத்தைத் தனிக் கோப்புறையில் வைத்துச் சோதித்தாள். பட்டியல் கடைசிப் பெயர்வரை ஓடியது. விதைப்புக்கு முன் சுடலைமுத்து தர்மபுரத்தில் தன் நெல்மூட்டையை வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

பெருமை தாங்காமல் நஸீஹா, மூலத் திருத்தத்தை எழுதியவருக்கு நீண்ட மின்னஞ்சல் அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார். பழைய பதிப்புக்கான அதே திருத்தம் ஏழு மாதமாக அந்த நூலகத்தின் இணையத்தளத்தில் கிடக்கிறதென்று இணைப்பும் கொடுத்திருந்தார். திறந்து பார்த்தாள். அவருடையது அவளுடையதைவிடத் துப்புரவாக இருந்தது.

மற்ற இரண்டு கணினிகளுக்கும் அவருடையதையே போட்டாள். தில்லைநாதன் எட்டிப் பார்த்து, “இந்த முறை அரைமணித்தியாலத்திலேயே கெதியா முடிச்சிட்டீர்,” என்று பாராட்டினார்.

“பழகிட்டுது சேர்,” என்றாள் நஸீஹா.