கோட்டைப் படியில் சிரித்த தவநாயகி

பக்கத்து வீட்டுத் தவநாயகி அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வேன். சொல்லிவிட்டு, அவர்மேல் எனக்கு இருக்கும் கோபத்தையும் சொல்வேன். இரண்டும் உண்மை.

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நான் மலேசியாவிலிருந்து படிக்க வந்து வேலையோடு தங்கிவிட்டவள். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். விடியுமுன் சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி சுடப் போவார். மத்தியானம் வந்து சமைப்பார். சனி, ஞாயிறு என்றால் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். பெண்பிள்ளைக்குச் சேலை கட்டவும் தவநாயகி, பலகாரம் சுடவும் தவநாயகி, எல்லாரும் போனபின் மண்டபத்தைக் கூட்டவும் தவநாயகி. முடியாது என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. "ஒருநாள் சொல்லித்தான் பாருங்களேன், வாய் வெந்தா போயிடும்?" என்று திட்டியிருக்கிறேன். சிரித்துவிட்டு வெங்காயம் உரிப்பார்.

இந்த வருஷம் அவருக்கும் கனகலிங்கம் அண்ணனுக்கும் வெள்ளிவிழாக் கல்யாண நாள். மகன் தர்சிகன் ஸ்பெயினில் மாலகா என்ற கடற்கரை நகரத்துக்கு டிக்கெட்டும் ஹோட்டலும் எடுத்துக் கொடுத்தான். பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அக்கா என்னிடம் சாவியைத் தந்தார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கோபமே அதில்தான்.

அவர்கள் அங்கே இருக்கும் சனிக்கிழமைதான், சட்டன் என்ற ஊரில், அவருடைய அண்ணன் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, பெரியபிள்ளையான விசேஷம். டிக்கெட் எடுத்த பிறகுதான் மண்டபத்துத் தேதி தெரிந்ததாம். மாமி முறைக்கு இவர்தான் தண்ணீர் வார்த்து ஆலத்தி, அதாவது ஆரத்தி, எடுக்க வேண்டும். ஊர் சுற்றப் போகிறோம் என்று அந்த வீட்டில் எப்படிச் சொல்வது? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் என்பேன் நான். அவரால் முடியவில்லை. பித்தப்பையில் கல், திடீரென்று ஒப்பரேஷனுக்கு நாள் கொடுத்துவிட்டார்கள், ஆஸ்பத்திரிக்கு யாரும் வரக்கூடாதாம் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அங்கிருந்து எனக்குப் படமாக வந்து குவிந்தது. சொந்தத்தில் ஒருவருக்கும் காட்ட முடியாததால்தான் எனக்கு வருகிறது என்று நான் என்ன கனவா கண்டேன்?

திங்கட்கிழமை மாலை கதவு தட்டும் சத்தம். அக்காவின் அண்ணன் மனைவி நீலவேணி கையில் ஒரு ஃபிளாஸ்க்கோடு நின்றார். பக்கத்தில் மகள் கஜந்தினி, பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக.

"மச்சாள் வீட்டிலை ஆரும் கதவு திறக்கினமில்லை. எழும்ப ஏலாமல் படுத்திருக்கிறாவோ தெரியேல்லை."

"எதுக்குப் படுக்கணும்? அவங்க ஸ்பெயின்ல இருக்காங்க. நாளைக்குத்தான் வர்றாங்க. இருங்க, படம் காட்டுறேன்."

என் வாய்க்குப் பூட்டுப் போட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்வதில் தப்பே இல்லை. ஒவ்வொன்றாகக் காட்டினேன். ரோமர் காலத்துக் கல் அரங்கத்தின் முன்னால் கனகலிங்கம் அண்ணன் ஐஸ்கிரீமோடு. ஒரு கோபுரத்தைக் கட்டி மற்றதைப் பாதியில் விட்ட பெரிய தேவாலயம். துறைமுகத்தை ஒட்டிய நடைபாதை. மலகேத்தா கடற்கரையில் செருப்பைக் கையில் பிடித்தபடி அக்கா. கடைசியாக, ஹிப்ரால்ஃபாரோ மலைக் கோட்டையின் மதில் படியில் அக்கா வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். கீழே வட்டமாகக் காளைச்சண்டை மைதானம், அப்பால் கடல்.

"அவ்வளவு ஏத்தமும் நடந்தே ஏறினாங்களாம்" என்றேன், பெருமையாக வேறு.

கஜந்தினி படத்தைப் பார்க்கவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தாள். "அப்ப மாமிக்கு ஒப்பரேஷன் இல்லையா, அம்மா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீலவேணி கோபப்படவில்லை. "நல்ல வெயில் போலை" என்றார். பிறகு, "இவளைச் சீலையோடை பாக்கேல்லையெண்டு மச்சாள் கவலைப்படுவா எண்டுதான் திரும்ப உடுத்திக் கூட்டிக்கொண்டு வந்தனான். சூப்பை அவவிட்டைக் குடுத்துவிடுங்கோ" என்று ஃபிளாஸ்க்கை என் கையில் வைத்தார். பொய் சொன்னது நானில்லை. ஆனாலும் அந்த வாசலில் வெட்கம் என்னைத்தான் பிடித்துத் தின்றது.

மறுநாள் வந்த அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். சூட்கேஸை நடுவழியில் விட்டுவிட்டு நின்றார்.

"படமெல்லாம் காட்டினீங்களோ?"

"எல்லாத்தையும்."

"கோட்டைப் படியிலை நிக்கிறதையுமோ? அதிலை நான் சிரிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறன்."

அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போவதையும் வருவதையும் தவிர அவர் வெளியே தலை காட்டவில்லை. சனிக்கிழமை கழுவிய ஃபிளாஸ்க்கோடு வந்து, "சட்டனுக்கு என்னைக் கொண்டுபோய் விடுவீங்களோ?" என்றார். எந்த முகத்தோடு போவது என்று கனகலிங்கம் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

கதவைத் திறந்தது அவருடைய அண்ணன் கிருஷ்ணமூர்த்தி. "ஏன் பிள்ளை இவ்வளவு கெதியா எழும்பித் திரியிறாய்?" என்று முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போய், முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார வைத்தார். நான் நீலவேணியைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பெயின் கதையைப் புருஷனிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை.

கஜந்தினி மறுபடியும் சேலையில் இறங்கி வந்தாள். மாமிக்கென்று எடுத்து வைத்திருந்த ஆலத்தித் தட்டைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் பிடிக்க வேண்டும் என்பதால் மற்றப் பக்கத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்தார். அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

"தட்டுத் தூக்கினால் தையல் பிரியும். நீ இருந்துகொண்டு பிள்ளையை ஆசீர்வதி, அதுவே காணும்."

அக்கா உட்காரவில்லை. "தையல் இல்லை அண்ணை. ஒப்பரேஷன் ஒண்டும் நடக்கேல்லை. பொய் சொன்னனான். ஸ்பெயினுக்குச் சுத்திப் பாக்கப் போனனான்."

கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப வயித்தை வெட்டேல்லையோ?"

"இல்லை."

"வயித்திலை ஒண்டும் இல்லையோ? சத்தியமாவோ?"

"சத்தியமா இல்லை அண்ணை."

கிருஷ்ணமூர்த்தி அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "அம்மாவையும் வயித்து ஒப்பரேஷனுக்கெண்டுதானே கொண்டுபோனது. உயிரோடை திரும்பி வரேல்லையே. ஒரு கிழமையா எனக்கு நித்திரை இல்லை, பிள்ளை." கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் திரும்பி, "இவளுக்கு ஒண்டும் இல்லையாம்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நாலு வார்த்தை ஏசியிருந்தால் அக்கா தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை, தேம்பினார். "தட்டை எடுங்கோ மாமி" என்றாள் கஜந்தினி, மெதுவாக. எடுத்தோம். அக்காவின் பக்கம் தட்டு தாழ்ந்துகொண்டே போனது. நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கஜந்தினியைச் சேலையில் பார்க்கத்தான் அவர் அத்தனை தூரம் வந்தார். தலையை நிமிர்த்தினால்தானே பார்ப்பதற்கு.