கப்பித்தான் கரைசேர்ந்த கதை

போன கிழமை மழைக்கு வீட்டில் அடைந்து கிடந்தபோது, சிறுவயதில் என்னைப் பைத்தியமாக்கிய மந்திரத் தீவுக் கதையின் ஐந்தாம் பாகத்தை மறுபடி வாசித்தேன். மறுபடி என்பதும் அவ்வளவு சரியில்லை. முதல்முறை அதைக் காதால்தான் வாசித்தேன். மீன்பிடி ஊரான குருநகரில் எங்கள் வீட்டில் இங்கிலிஷ் ஓடியது அக்காவுக்கு மட்டும். பள்ளிக்கூட நூலகத்தில் எடுத்துவந்து, பின்னேரச் செபமாலை முடிந்ததும் எனக்குத் தமிழில் சொல்வாள்.

கதாநாயகியைக் கப்பலில் ஏற்றிப்போகும் கிழட்டுக் கப்பித்தான்தான் எனக்கு உயிர். எந்நேரமும் தின்றுகொண்டும் ஏசிக்கொண்டும் இருப்பார், எங்கள் பெரியப்பாவைப் போல. அவருடைய கப்பல் புயலில் அகப்பட்ட இடத்தில் அக்கா புத்தகத்தை மூடிவிட்டு, மிச்சம் நாளைக்கு என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள், கடைக்காரர் வீட்டுப் பெடியன் முந்திக்கொண்டு முடிவைச் சொல்லிவிட்டான். நான் அழுதுகொண்டு ஓடிவந்து குசினி வாசலில் நின்று கத்தினேன்.

“கப்பித்தான் கப்பலோடை கடலிலை தாண்டு செத்துப்போனாராம்!”

அம்மா அகப்பையோடு பாய்ந்துவந்து என் வாயைப் பொத்தினார். ஆள் கடலில் நிற்கும்போது அந்தச் சொல்லை எங்கள் வீடுகளில் எடுப்பதில்லை. முதல்நாள் பின்னேரம் கடல்தொழிலுக்குப் போன அப்பா விடியவே வந்திருக்க வேண்டும், இன்னும் வரவில்லை. காற்று வேறு கிளம்பியிருந்தது.

“வாயைக் கழுவடா, நாசமறுவானே!” என்றார் அம்மா. அடி விழவில்லையே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

“உவன் கடைக்காரற்றை பெடியனுக்கு விசர். கப்பித்தான் கரைக்கு வந்திட்டார், வா சொல்லுறன்,” என்று அக்கா என்னைப் பாயில் இருத்தினாள். கப்பலின் பாய்மரம் முறிந்ததாம். காற்று ஒரு சின்னத் தீவில் கொண்டுபோய் ஒதுக்கியதாம். வீடு வந்த கப்பித்தான் மனைவியை ஏசி ஏசி நண்டுக்கறியும் சோறும் தின்றாராம். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து குந்தினார். கதை பக்கமே வராதவர், “பேந்து?” என்று மிச்சக் கதையைக் கேட்டார்.

பொழுதுபடும் நேரம் அப்பா வந்தார். வலை பறிபோன ஆத்திரத்தில் எல்லோரையும் ஏசினார். அம்மா அந்த ஏச்சைக் கேட்டுக் கேட்டே சோறு போட்டார். வீடு கலியாணவீடு மாதிரி இருந்தது.

போன கிழமை வாசித்த புத்தகத்திலோ கப்பித்தான் அரைப் பக்கத்தில் செத்துப்போகிறார். நண்டுமில்லை, மனைவியுமில்லை. அட பாவி என்று அக்காவுக்குப் போன் போட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அப்பா கடலிலை நிக்கேக்கை நான் என்னெண்டடா கப்பித்தானைச் சாக விடுறது?”

அன்று பாயில் வாய் பிளந்து இருந்த எனக்கு, அக்கா எனக்குத்தான் கதை சொல்கிறாள் என்ற நினைப்பு.