வீரலட்சுமியின் சைக்கிள் சீட்டு

பதினான்கு மாதங்களில் மூன்று சீட்டு, இரண்டு பெடல், ஒரு பெல். போடி ஜீப் ஸ்டாண்டு ஓரம் நிறுத்திவிட்டுப் போகும் சைக்கிளிலிருந்து சிலமலை வீரலட்சுமிக்குத் திருட்டுப் போனவை இவ்வளவு.

வயது நாற்பத்தாறு. விடிகாலை ஐந்தரை மணி ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுத் திரும்ப மாலை ஆறாகிவிடும். அதுவரை சைக்கிளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. டிரைவர் தங்கபாண்டி மீது அவருக்குச் சந்தேகம். யார் எப்போது திரும்புவார்கள் என்று தெரிந்தவன் அவன்தானே. பக்கத்தில் சைக்கிள் நிறுத்தும் ரோஜா மீதும் சந்தேகம். யாரையும் கேட்கவில்லை. மூன்றாவது சீட்டு போனதும் ஒரு ஸ்பேனர் வாங்கினார். புதுச் சீட்டை அதன் இரும்புக் குழாயோடு தினமும் கழற்றி, கட்டைப்பையில் போட்டு மலைக்கே கொண்டுபோனார்.

“சைக்கிளையும் மடிச்சுக் கொண்டாந்துரு யக்கா” என்பாள் ரோஜா. ஜீப்பே சிரிக்கும்.

அந்தத் தோட்டத்தில், ஜீப் ஏறுமுன் எல்லோரும் பையைத் திறந்து காட்ட வேண்டும். காய் கடத்தியதாகத் தெரிந்தால் மறுநாள் முதல் வேலை கிடையாது. இரண்டு மாதம் சீட்டை யாரும் கண்டுகொள்ளவில்லை. போன வியாழக்கிழமை, புதிதாக வந்த சூப்பர்வைசர் ராஜாராம் அதைத் தூக்கிப் பார்த்தார். குழாயின் வாயில் துணி அடைத்திருந்தது. கிரீஸ் தூக்குச்சட்டியில் ஒட்டாமலிருக்க, இடுப்பில் கட்டி வேலை பார்த்த துணியைத்தான் திணித்து வைத்ததாக வீரலட்சுமி சொன்னார். ராஜாராம் துணியை உருவிக் குழாயைப் பாறையில் தட்டினார்.

மூன்று பச்சைக் காய்கள் விழுந்தன.

துணி மடிப்பில் சிக்கியிருந்திருக்கும் என்றார் வீரலட்சுமி.

“இன்னைக்கி மூணு. ரெண்டு மாசமா இந்தக் குழாய்ல என்ன எறங்குச்சுன்னு நான் எதைக் கண்டேன்?” என்றார் ராஜாராம்.

கூட வந்த பத்தொன்பது பேரும் ஜீப்பில் ஏறாமல் நின்றார்கள். ரோஜாதான் வாயைத் திறந்தாள்.

“அண்ணே, அந்தக் குழாய்ல அமுக்கி அடைச்சாலும் ஒரு கைப்பிடி கொள்ளாது. அதுக்குப் போயி இந்த யக்கா இம்புட்டு இரும்பைச் சொமக்குமா?”

ராஜாராம் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். நாளை முதல் சீட்டு மேலே வரக்கூடாது, வந்தால் ஆளும் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

வளைவு வளைவாக ஜீப் இறங்கியது. வேலை தப்பியதில் வீரலட்சுமிக்கு மூச்சு வந்தது. ஆனால் ரோஜாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குழாயில் எவ்வளவு கொள்ளும் என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் அவர் சீட்டை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு, சிலமலையிலிருந்து போடி வரை நின்றுகொண்டே சைக்கிள் மிதித்தார்.