பெயர் தெரியாத கட்டி

முதலில் நினைவுக்கு வருவது அவருடைய சட்டைக் காலர்தான். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று இளைத்துப்போன எங்களுக்கெல்லாம் சட்டை தொளதொளத்தது. மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் எங்கள் கிளினிக்குக்கு வந்த அந்த வாத்தியாருக்கு மட்டும் மேல் பொத்தானைப் போட முடியவில்லை. முகம் ஊதி, கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன.

நான் அங்கே தாதியாக இருந்தேன், எல்லாரும் மிஸ்ஸி என்பார்கள். ஐந்து மாதம் முன்பு, அவருடைய இருமலையும் மெலிவையும் பார்த்துக் காசநோய் என்று சொன்னவர் எங்கள் டாக்டர்தான். எக்ஸ்ரே பிலிம் எல்லாம் ராணுவத்துக்குப் போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அன்று முதல் வாத்தியார் தனித் தட்டு, தனிப் பாய் என்று பின்னறைக்குப் போய்விட்டார். மூன்று வயது மகள் வாசலில் வந்து நின்றால் கையை வீசி விரட்டுவாராம்.

காலரைப் பார்த்ததும் டாக்டருக்குக் காசநோய்தானா என்று சந்தேகம் வந்தது. மூன்று நாள் சளியைச் சோதித்தார், கிருமி இல்லை. காறையெலும்புக்கு மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அதில் ஒரு துண்டை வெட்டி, வேறு எதுவும் கிடைக்காததால் சாராயத்தில் போட்டுவைத்தோம். அதைச் சவரக் கத்தியால் சீவி, ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பில் ஒரு பகல் முழுக்கப் பார்த்தார்.

"மிஸ்ஸி, இது டி.பி. மாதிரி தெரியல. நுரையீரல் புற்றா, நெறிக்கட்டிப் புற்றா, வேற ஏதாவதா, என்னால பிரிக்க முடியல. பேர் தெரிஞ்சாலும் குடுக்க மருந்தில்ல."

வாத்தியார் மலாக்கா செட்டி. பல தலைமுறைக்கு முன் வந்த தமிழர் வழி என்றாலும், அவர் வீட்டில் மலாய்தான். டாக்டர் மலாயிலேயே தன் தவற்றை ஒப்புக்கொண்டார். இது காசநோயைவிட மோசமானது என்றும் சொன்னார். வாத்தியார் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அப்போ பிள்ளையைத் தூக்கலாமா, துவான்?"

டாக்டர் மைக்ராஸ்கோப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "போலே, தூக்கலாம்" என்றார். வாத்தியார் போன பின் டாக்டர் என்னிடம், "நான் சொன்னது சரிதானே, மிஸ்ஸி?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? "சரிதான் ஐயா" என்றேன்.

அதன்பின் வாத்தியார் பதினாறு நாள் இருந்தார். படுத்தால் மூச்சு முட்டியதால், தலையணைகளில் சாய்ந்தபடி மகளை மடியில் வைத்திருந்தார். டாக்டர் தினமும் சைக்கிளில் போய், சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார்.

வேறு புற்றைப் போலவே தோன்றும் நெஞ்சுக் கட்டிகள் உண்டு, பல சாயங்கள் ஏற்றிப் பார்த்தால்தான் பிரிக்க முடியும் என்று இன்றைய டாக்டர்கள் சொல்கிறார்கள். எங்களிடம் ஒரு ஜன்னல் வெளிச்சம்தான் இருந்தது.

வாத்தியார் இறந்த பிறகு, ஜப்பான்காரன் போகும்வரை, டாக்டர் வாராவாரம் அந்தப் பிள்ளையை வரவழைத்து முதுகில் குழல் வைத்துக் கேட்டார். அவளுக்கு ஒரு இருமல்கூட வரவில்லை. அவரோ கேட்பதை நிறுத்தவில்லை. பிள்ளை அதை விளையாட்டென்று நினைத்து, உள்ளே வரும்போதே சட்டையைத் தூக்கிக்கொண்டு, சிரித்தபடி அவருக்கு முதுகைக் காட்டி நிற்கும்.