சேலை மூட்டைகள்

அமெரிக்காவில், எங்கள் பிளானோ வீட்டில் மகள் சரித்திர வீட்டுப்பாடத்துக்காகத் திறந்த படத்தில், குண்டுவீச்சில் இடிந்த ஜெர்மன் நகரமொன்றின் செங்கற்குவியல்மேல் ஒரு சிறுமி நிற்கிறாள். நேச நாட்டுச் சிப்பாய் சாக்லேட் நீட்டுகிறான். சண்டை முடிந்தும் அவள் கண் வானத்தில்தான்.

"அப்பா, குண்டு போட்ட பிளேன்ஸ் எல்லாம் குட் கைஸ்தானே?"

"ஓம் பிள்ளை" என்றேன். ஆனால் கதிரையில் இருப்புக்கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் பதுங்குகுழிச் சுவர், அம்மா தன் சேலைகளைக் கிழித்துத் தைத்த மண்மூட்டைகள். பூப்போட்ட அந்த ஈரத்துணியில் முதுகு ஒட்ட, குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் நெருங்குவதும் விலகுவதுமாயிருக்க, மண்வாசனையோடு அம்மாவின் பவுடர் வாசனையும் மூக்கிலேற, காது கிழியாதிருக்க வாயை ஆவென்று திறந்தபடி நானும் தங்கச்சியும் குந்தியிருப்போம்.

இப்போது பிளானோ வீட்டுக் கூரைக்கு மேலே விமானமொன்று தாழப் பறந்தது.

"அப்பா, உங்கட மௌத் ஏன் ஓபனா இருக்கு?"